கனடாவில் இருந்த மகள்

பெற்ற பிள்ளை செத்துப்போய்விட்டது என்று சொல்லித் தலைமுழுகும் அப்பன்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. கௌரவமானவர். அவர் என்னைச் சாகடிக்கவில்லை, கனடாவுக்கு அனுப்பிவிட்டார்.

நான் இருந்ததோ கோயமுத்தூரில், கணபதியில். ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் எனக்கும் நடுவில் கடல் எதுவும் கிடையாது. பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். ஆனால் ஊரில் யார் விசாரித்தாலும் அப்பா, "பொண்ணு கனடாவுல இருக்குதுங்க. கம்ப்யூட்டர் வேலைங்க. லீவே குடுக்க மாட்டீங்கறாங்க" என்று சொல்லிவந்தார். இதை அம்மா ஒருநாள் போனில் உளறிவிட்டாள். நான் அன்றைக்குக் கையெல்லாம் கூலன்ட் எண்ணெயோடு நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நான் பிறந்தபோது பெண் என்று சொன்னார்கள். நான் ஆண். இரண்டே வரி, ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. திருநம்பி என்று இப்போது ஒரு நல்ல சொல் இருக்கிறது. அப்போது எனக்குச் சொல் தெரியாது, எரிச்சல் மட்டும் தெரியும். வயதுக்கு வந்தபோது வீடே சீர் செய்து சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் யாரோ என் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருந்தேன். குளிக்கும்போது கீழே குனிந்து பார்க்கவே மாட்டேன். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிக்கொள்வேன்.

எங்களுடையது தறி வீடு. வீட்டுக்குப் பின்னால் தறி செட்டு, இரவும் பகலும் விசைத்தறி ஓடும். மார்பு வளர ஆரம்பித்ததும் தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியில் ஒரு முழத்தைக் கிழித்து நெஞ்சை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கஞ்சி போட்ட துணி, வெயிலில் வேர்த்தால் அறுக்கும். அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் புண்ணாகி, காய்ந்து, மறுபடியும் புண்ணாகும். அப்பா நெய்து விற்ற துணி அது. ஊருக்கெல்லாம் அவர் விற்றார், எனக்கு மட்டும் நானே திருடிக்கொண்டேன்.

கல்லூரி முடித்த வருஷம், பாப்பம்பட்டிப் பிரிவில் ஒரு சலூனுக்குப் போய் முடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பேண்ட், சட்டை. அப்பா தறி செட்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். தம்பியைக் கூப்பிட்டு, "மெயின ஆப் பண்ணு" என்றார்.

தம்பி ஓடிப்போய் மெயினை அணைத்தான். எங்கள் ஊரில் தறிச் சத்தம் யாருடைய காதிலும் விழாது. அது நின்றால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தறி ஓட்டுகிறவர்கள், நூல் சுற்றுகிறவர்கள், எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அப்பா அம்மாவை ஒரு சேலை கொண்டுவரச் சொன்னார். என் கை இரண்டையும் அவரே பின்னால் பிடித்துக்கொண்டார். அந்தப் பேண்ட் சட்டைக்கு மேலேயே அம்மா எனக்குச் சேலை கட்டினாள். கொசுவத்தை அவளே மடித்துச் செருகினாள். "இப்பப் பாருங்க, எம்புள்ளைக்குச் சேலைதான் அம்சமா இருக்குது" என்று அப்பா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவனுக்கு அப்போது பதினேழு வயது, சிரிக்கக் கூடாது என்று தெரிகிற வயதுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டை விட்டு வந்துவிட்டேன். யாரும் தேடவில்லை. கனடாவில் தேடுவது கஷ்டம் அல்லவா!

அதற்கப்புறம் நான் என்னை நானே செய்துகொண்டேன். ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டேன். குரல் உடைந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி முன்னால் சட்டையில்லாமல் நின்று, முதல்முறையாகக் கீழே குனிந்து பார்த்தேன். தழும்பு கோணலாகத்தான் இருந்தது. அழகாக இருந்தது. கொஞ்ச நாளில் தாடி வந்தது. சலூன்காரர், "மீசைய ஒதுக்கி உடட்டுங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். உடம்பு என்பது இருக்க முடிகிற ஒரு இடம் என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் புரிந்தது.

அம்மா மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை, அப்பா இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்வாள். என் குரலைக் கேட்டதும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?" வருஷக்கணக்கில் இதையே கேட்டாள். வருஷக்கணக்கில் மிளகுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். சளியில்லை அம்மா, நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "செரி செரி, ஆவி புடி" என்றாள். அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அதனாலேயே கொஞ்சம் குறைந்துபோயிற்று. அப்பா மேல் இருந்தது குறையவில்லை. நாளாக ஆகக் கூடத்தான் செய்தது.

நடந்ததை மறந்துவிடு, மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று நிறையப் பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அவர்களில் யாரையும் நடுவாசலில் நிறுத்திச் சேலை சுற்றவில்லை. எனக்கு மனசு லேசாக வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது: அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அப்பா என்னை யார் என்று சொன்னாரோ, அதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு முன்னால் அதே வாயால் அதை அவர் மாற்றிச் சொல்ல வேண்டும். அன்பால் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தாலும் எனக்குச் சரிதான்.

அதற்கு ஒரு வழி தானாகவே வந்தது. தம்பிக்குக் கல்யாணம் கூடிற்று.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, மணவறையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவள் கையிலும் இன்னொரு தலைப்பை அவன் கையிலும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்த பிறகும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். ஊருக்கு ஊர் செய்முறை கொஞ்சம் மாறும், அர்த்தம் மாறாது. கூடப்பிறந்தவளே இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்கார வைப்பார்கள். இருந்தால், அவள்தான் வந்தாக வேண்டும்.

மாப்பிள்ளைக்கு அக்கா இருக்கிறாள். கனடாவில் இருக்கிறாள். பெண் வீட்டார் கருமத்தம்பட்டிக்காரர்கள், மரியாதைக்காரர்கள். "பொறந்தவ இல்லாம இணைச்சீருங்களா? அதெப்படிங்க! அம்மிணிக்கு லீவு கெடைக்கற வரைக்கும் முகூர்த்தத்தத் தள்ளி வேணாலும் வெச்சுக்கலாமுங்க. நாங்க பொறுத்துக்கறோமுங்க" என்று அவ்வளவு பணிவாகச் சொல்லிவிட்டார்கள். இதற்கு அப்பா என்ன பதில் சொல்ல முடியும்? கனடாவைத் தூக்கி அவர்தானே நடுவீட்டில் வைத்தார். செத்துப்போய்விட்டாள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த வம்பு வந்திருக்காது. கௌரவம் பார்த்தார், மாட்டிக்கொண்டார்.

அம்மா போன் செய்தாள். தொண்டையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

"கண்ணு, ஒரு நாளைக்குத்தான? சேலையக் கட்டிட்டு வந்து உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிரு. முடி எச்சா இல்லீன்னா சவுரி வெச்சுக்கலாம்."

நான் என் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்கள் என்னைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அவர்கள் மனசில் நான் இன்னும் கிராப்பு வெட்டிய அதே பெண்பிள்ளைதான். முடிதான் பிரச்சினை என்று நினைத்துச் சவுரிக்கு ஏற்பாடு செய்கிறார்கள்.

"அவுரு வரட்டும்" என்றேன். "சொந்தபந்தம் ஒறம்பரைய எப்படி அழைப்பாரோ அப்படி. தட்டத்துல பாக்கு வெத்தல வெச்சு, ஊடு தேடி வந்து, அவுரு வாயில அழைக்கட்டும். வாரேன்."

"அப்பனாச்சே கண்ணு..."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வந்தார். அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது, தனியாகத்தான் வந்தார். நான் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். லுங்கி, கையில்லாத பனியன், முகம் நிறையத் தாடி. நல்லாப் பாருங்க என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி" என்று என் பழைய பேரைச் சொல்லி, "அது இருக்கற ஊடு இதுதானுங்களா? நா அதுக்கு அப்பனுங்க, பல்லடத்துப் பக்கமிருந்து வாரேனுங்க" என்றார்.

என் ஆயுசில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவர் சின்ன வயசுப் போட்டோ ஒன்று தறி செட்டு ஆபீஸில் மாட்டியிருக்கும். அதே மூக்கு, அதே நெற்றி, அதே அடர்த்தியான புருவம்தான் எனக்கும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் வழி கேட்கிறார்.

"உள்ள வாங்க" என்றேன்.

வந்தார். செருப்பை வாசலில் ஓரமாக விட்டார். நான் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கொடியில் தொங்கிய ஆம்பளைச் சட்டைகளைப் பார்த்தார், என் லுங்கியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அவர் மூஞ்சியில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது.

"மாப்பிள்ளைங்களா?"

நான் பதில் பேசவில்லை. அப்பாவுக்கு எப்போதுமே கேள்வியும் அவரேதான், பதிலும் அவரேதான். என் மௌனத்தை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து அப்படி அவர் சிரித்ததில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்த அதே கைகள்.

"சொல்லாமக் கொள்ளாமக் கட்டிக்கிட்டீங்கன்னு எனக்குக் கோவமே இல்லீங்க மாப்ள. அது சின்னதுல ஆம்பளையாட்டத் திரிஞ்சுதுங்க. நாங்க பயந்தே போயிட்டமுங்க. ஒருத்தங்கையில புடிச்சுக் குடுத்தாச் செரியாப் போயிருமுன்னு நா அப்பவே சொன்னேன், யாரு கேட்டா? நீங்க செரி பண்ணிப்போட்டீங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க."

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. என்னை நான் செய்துகொள்ளப் பட்ட பாடு எல்லாவற்றுக்கும், ஊசிக்கும் தழும்புக்கும், இல்லாத ஒரு ஆம்பளைக்கு இவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்போதே பளிச்சென்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இந்த அறையில் யார் இருக்கிறார்கள்? நானும் அவரும். தறி செட்டு வாசலில் அத்தனை பேர் இருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

தட்டத்தை எடுத்தார். பழம், பாக்கு, வெற்றிலை, மேலே பத்திரிகை. இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, லேசாகக் குனிந்து, "ரெண்டு பேரும் முன்னாலயே வந்துரோணுமுங்க. அம்மிணியக் கூட்டிட்டு வர்றது உங்க பொறுப்புங்க" என்றார்.

"கூட்டிட்டு வாரேனுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

போகும்போது படியில் நின்று ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால், எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி எந்தக் கூட்டம் என்பதுதான். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த மூலையில் இருந்தாலும் அண்ணன் தங்கை முறை. அதற்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையவே கிடையாது. வழியில் டீ குடிக்கிறவனிடம்கூடக் கூட்டம் கேட்கிற மனுஷன், என்னிடம் கேட்கவில்லை. வேறு சாதி ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். மகளுக்கு ஒரு ஆம்பளை கிடைத்துவிட்டான், அதைக் கிளறுவானேன் என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நான் கதவைச் சாத்திவிட்டு அந்த நாற்காலியை எட்டி உதைத்தேன். அது போய்ச் சுவரில் மோதியது. அப்புறம் தட்டத்திலிருந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் கேட்காததை மண்டபத்தில் யாராவது கேட்பார்கள். கேட்காமல் விடுகிற ஜனமே இல்லை அது. அப்போது நான் பொய் சொல்லப் போவதில்லை. மாப்பிள்ளை என்று அவர் சொல்லட்டும், நான் என் கூட்டத்தைச் சொல்கிறேன். அப்புறம் நான் யார் என்று அவர் சொல்லித்தான் தீர வேண்டும்.

கல்யாணம் நின்றுபோனால்? யோசித்தேன். தம்பி அந்த வாரம், "அக்கா, வந்துரு. உன்னைய நம்பித்தான் இருக்கேன்" என்று செய்தி அனுப்பியிருந்தான். மெயினை அணைத்த கை அடித்த செய்தி. நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதானால், அந்த நினைப்பு எனக்கு இனிப்பாகவே இருந்தது.

கல்யாணத்தன்று விடிகாலையில் கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் போனேன். மண்டபத்து வாசலில் அம்மா பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெளித்தாள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்தும் தெரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"வாங்க" என்றாள். என்னைப் பெற்றவள், என்னை வாங்க என்றாள். அப்புறம் யாருக்கும் கேட்காமல், "சாப்பிட்டியா கண்ணு?" என்றாள்.

"சீர் முடியட்டும்" என்று உள்ளே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

அப்பா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். பட்டு வேட்டி, தோளில் துண்டு.

"வாங்க மாப்ள, வாங்க! அம்மிணி எங்கீங்க?"

"வந்தாச்சுங்க" என்றேன். பெண்கள் அறைக்குள் சேலை மாற்றப் போயிருக்கிறாள் என்று அவரே பதில் செய்துகொண்டார். என்னை இழுத்துக்கொண்டு போய் மேடைக்குக் கீழே முதல் வரிசையில், சம்பந்தியும் அவருடைய அண்ணன்மாரும் உட்கார்ந்திருந்த இடத்தில் நிறுத்தினார். தோள் மேல் கை போட்டுக்கொண்டார். மேடையில் தம்பி மணவறையில் உட்கார்ந்திருந்தான். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கனடா மாப்ளைங்க" என்று அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவுங்களா முடிவு பண்ணிக் கட்டிக்கிட்டாங்க, நமக்கும் சம்மதந்தானுங்க. நம்ம ஆளுகதான்."

சம்பந்தி எழுந்து கும்பிட்டார். "சந்தோசமுங்க. கனடாவுல குளிரு எச்சுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அவருடைய அண்ணன், வெள்ளை மீசைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள நம்ம சம்மந்தி சாயலாவே இருக்காரு. எந்தக் கூட்டமுங்க?"

என் தோள் மேல் இருந்த அப்பாவின் கை இறுகியது. நான் அவர் பக்கம் திரும்பினேன். வேறு ஏதாவது சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினார். யாரோ ஒரு மாப்பிள்ளையிடம் கெஞ்சினார்.

நான் எங்கள் கூட்டத்தின் பேரைச் சொன்னேன். நன்றாக, சத்தமாக.

வெள்ளை மீசைக்காரருக்கு உடனே புரியவில்லை. "அட, அது சம்மந்தி கூட்டமாச்சே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அதெப்படிங்க? அண்ணன் தங்கச்சியாவுதே! கூட்டத்துக்குள்ளயே பொண்ணக் குடுத்துருக்கீங்களா?"

சுற்றியிருந்த நாற்காலிகளில் பேச்சு நின்றது. ஒருத்தர் சொல்லி அடுத்தவர் திரும்ப, அவர் சொல்லி அதற்கடுத்தவர் திரும்ப, பின்வரிசை வரைக்கும் போயிற்று. சம்பந்தியின் முகம் செத்துவிட்டது. அப்போதும் அவர் மரியாதை விடவில்லை. "இல்லீங்க சம்மந்தி, இது செரியா வருமுங்களா? இப்பிடிப்பட்ட ஊட்டுக்குப் பொண்ணு அனுப்புனா நாளைக்கு எங்களைய நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். மேடையில் தம்பி பாதி எழுந்துவிட்டான். பெண் வீட்டார் பக்கம் ஒரு பெண், "புள்ளைய வெளிய கூட்டிட்டு வராதீங்க, இருக்கட்டும்" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களே சொல்லிப்போடுங்க" என்றேன். "நா யாருங்க உங்களுக்கு?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார், புருவத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். அவர் கண்ணில் அது ஏறுவதை நான் ஒரு அணுவும் விடாமல் பார்த்தேன். தோளில் இருந்த கை தானாக நழுவிக் கீழே விழுந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அவருக்கு இரண்டே வழி இருந்தது. மகளைக் கூட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்த வீடு என்று பேர் வாங்கிக் கல்யாணத்தை நிறுத்திக்கொள்வது ஒன்று. இன்னொன்று, நான். எது குறைந்த கேவலம் என்று அவர் எடை போட்டுப் பார்த்ததை, என் கண் முன்னால் போட்டுப் பார்த்ததை, நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

"மாப்ளை இல்லீங்க" என்றார். குரல் தணிந்துவிட்டது. "நாந்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"அப்ப இவரு?"

"என்ற மூத்த மவனுங்க."

"சத்தமாச் சொல்லுங்க, பின்னால கேக்கலீங்க" என்றேன். நான்தான் சொன்னேன். விடுவேனா?

"என்ற மூத்த மவன்!" என்று கத்தியே விட்டார்.

"அப்பக் கனடாவுல இருக்கற பொண்ணுங்க?"

"பொண்ணே இல்லீங்க. எனக்கு ரெண்டும் பசங்க."

வருஷக்கணக்காகச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, கடைசியில் அவருக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. சம்பந்தி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெள்ளை மீசை அண்ணனைப் பார்த்தார். அவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, சமையல் ஆகிவிட்டது, கூட்டம் வந்துவிட்டது. "செரிங்க" என்றார் கடைசியில். "அப்பப் பொறந்தவ இல்லீங்களா? பங்காளி ஊட்டுப் புள்ளை ஒண்ண உக்கார வெச்சுக்கலாமுங்க, தப்பில்லீங்க." பெரியப்பா மகள் ஒருத்தியை அவசரமாகக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். எனக்காக எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. தம்பி கூறைச்சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

தாலி கட்டியானதும் அப்பா வாசலுக்குப் போனார், வருகிறவர்களைக் கும்பிட்டு அழைக்க. நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். மூத்த மகன் அங்கேதானே நிற்க வேண்டும். வந்தவர்களுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டே, "போதும், போயிரு" என்று உதட்டுக்குள் சொன்னார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களைக் கும்பிட்டேன்.

முதலில் வந்தவர் அவருக்கு நூல் கொடுக்கிற வியாபாரி. என்னைப் பார்த்து, "தம்பி யாருங்க?" என்றார்.

"மூத்த மவனுங்க" என்றார் அப்பா.

அடுத்து எங்கள் ஊர்க்காரர்கள். தறி செட்டு வாசலில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் சொன்னார். கோழிப்பண்ணைக்காரர், கொடுமுடியிலிருந்து வந்த மாமன்மார், பேங்க் மேனேஜர் என்று வந்தவர் எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏற அவர் குரல் கம்மிப்போயிற்று. பந்தி முடிந்து கடைசி ஒறம்பரை வண்டி ஏறும் வரைக்கும் நான் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.